சுவரில் வைத்த நீலப் புள்ளிகள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பு அளவில் சுகம்தான், மனசைப் பற்றிக் கேட்காதே. அங்கே குளிர் குறைந்ததா, உன் இருமல் விட்டதா, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். உன் ஆய்வுப் புத்தகத்துக்காக நம் தெருச் சுவரோவியத்தைப் பற்றி நீ எழுதி அனுப்பிய அத்தியாயம் வந்து சேர்ந்தது, இரண்டு முறை படித்தேன். சமூகவியல் எனக்கு எங்கே புரியப்போகிறது, ஆனாலும் நீ எழுதியது புரிந்தது. மக்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே வரையும்போது அதிகாரம் கொஞ்சமாவது அவர்கள் பக்கம் நகர்கிறது என்று எழுதியிருக்கிறாய். அதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் பத்து நாள் ஓட்டிவிட்டேன். போனில் நீ கேட்டபோதெல்லாம் எல்லாம் நல்லா இருக்கு என்று சொன்னேனே, அது பொய்.

நீ கிளம்பிப் போன மூன்றாவது வாரம் குடிநீர் அலுவலகத்து ஆட்கள் வந்தார்கள். அனுமதி இல்லாத இணைப்பு என்று சொல்லித் தெருவைத் தோண்டி வீடு வீடாக லைனை வெட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் எதையும் தேடவில்லை, ஒரு இடத்தில்கூட வீணாகக் கடப்பாரை போடவில்லை. கையில் நம் சுவரின் படம் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துத் தோண்டினார்கள். மண்ணுக்குள் நான் போட்ட ஜாயிண்ட் ஒவ்வொன்றும் படத்தில் இருந்த இடத்திலேயே இருந்தது.

உன்மேல் பழி போட இதை எழுதவில்லை. அவரவர் வீட்டை அவரவர் வாழ்கிற விதமாக வரையுங்கள் என்றுதான் நீ சொன்னாய், பெண்களும் அடுப்பையும் தையல் மெஷினையும் மொட்டைமாடித் துணிகளையும் வரைந்துகொண்டிருந்தார்கள். தண்ணீரையும் வரையுங்கள் என்று மூக்கை நுழைத்தவன் நான். மனு கொடுத்து ஏழு வருஷம் நடந்தும் இணைப்புக் கிடைக்காத தெருவுக்கு வேலை முடிந்து வந்து இந்தக் கையால் பைப் போட்டுக் கொடுத்தேன், குடிநீர் அலுவலகத்தில் பிட்டராக முப்பது வருஷம் பார்த்த வேலையெல்லாம் யார் கண்ணிலும் படாமல் மண்ணுக்குள் கிடக்கிறதே என்று ஒரு அற்ப ஆசை. எங்கே எந்த வீட்டுக்குப் பிரிகிறது என்று அடி அளந்து நீலப் புள்ளி வைக்கச் சொன்னேன். தையல்காரம்மா அப்போதே கேட்டார், இதெல்லாம் நாலு பேரு பாக்குற மாதிரி போடலாமா, பின்னால வம்பு வராதா என்று. இது கலை அக்கா, ஓவியத்த வச்சு யாரும் நடவடிக்கை எடுக்க மாட்டாங்க என்று நீ சிரித்தாய். நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையை ஆட்டினேன்.

சுவரோவியத் திறப்பு அன்று நீ அழைத்திருந்த குடிநீர் அலுவலகப் பொறியாளர் சுவரை நின்று ரசித்தாரே, இந்த நீலம் என்னங்க என்று என்னிடம் மரியாதையாகத்தான் கேட்டார். நான் வாயெல்லாம் பல்லாகக் கண்ணெதிரே தெரிந்த ஒவ்வொரு புள்ளியையும் தொட்டுக் காட்டி விளக்கினேன். நீ பக்கத்தில் நின்று, அப்பா எவ்ளோ அழகா சொல்றாரு பாருங்க என்றாய். அவர் போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

தையல்காரம்மா வீட்டுக்காரர் படுத்த படுக்கை என்பது உனக்குத் தெரியும். அவருடைய துணியை அலச இந்தம்மா மூன்று மாடி வாளி தூக்குகிறார். முழங்கால் வீங்கிவிட்டது, மிதிக்கிற மெஷினை மிதிக்க முடியவில்லை. தெருவுக்கே கேட்கிற குரல் என்று இவருக்குத்தானே மைக்செட் எனப் பெயர் வைத்தாய், இப்போது என்னைப் பார்த்தால் செருப்பைப் பார்த்துக்கொண்டே போகிறார். நம் வீட்டு இணைப்பு நான் வேலையில் இருந்தபோது முறைப்படி வாங்கியது, அதனால் வெட்டவில்லை. பொண்ணு படம் போட வைத்தாள், அப்பன் விளக்கம் சொன்னான், அவர்கள் குழாயில் இன்னும் தண்ணீர் வருகிறது. யாருக்கும் என்ன தோன்றும், நீயே சொல். அம்மா தினமும் நாலு வாளி நிரப்பி வாசலில் வைக்கிறாள். ஒருவரும் தொடுவதில்லை. சாயங்காலம் அவளே எடுத்துச் செடிக்கு ஊற்றுகிறாள். சண்டைக்கு வந்தால்கூடத் தாங்கிக்கொள்வேன் என்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். திறப்பு அன்று சுவரின் கடைசிப் பகுதியை நாற்காலிகள் மறைத்திருந்தன, அது அந்தப் பொறியாளர் எடுத்த படத்தில் விழவில்லை. அங்கே புள்ளி வைத்த சில வீடுகள் மட்டும் தப்பித்தன, மொத்தத் தெருவும் அங்கேதான் குடம் பிடிக்கிறது. வெட்டிய மறுநாளே பெண்கள் சுவர் முழுக்க வெள்ளையடித்துவிட்டார்கள். நான் உதவிக்குப் போனேன், வேணாங்க, நீங்க வீட்டுக்குப் போங்க என்று அனுப்பிவிட்டார்கள். ஆகவே முழுச் சுவரும் தெரிகிற படம் உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது, புத்தகத்தின் நடுவில் இரண்டு பக்கத்துக்கு அது வரப்போகிறது என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். தப்பித்த வீடுகளின் புள்ளியும் அதில் இருக்கிறது, அதைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடு பாப்பா. அந்தப் படம் இல்லாமல் அத்தியாயமே நிற்காது என்று உன் பேராசிரியர் சொல்வார், நிற்காவிட்டால் விழட்டும். உன் ஐந்து வருஷ உழைப்பு என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

தையல்காரம்மாவிடம், என் மகள் எடுத்துவிடுவாள் என்று உன்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டேன். உன் பள்ளிக்கூடச் சட்டையெல்லாம் தைத்தவர் அவர். வீங்கின முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, படத்த எடுத்துருவா, ஆனா ஏன் எடுத்தேன்னு அதையும் உக்காந்து எழுதிருவாளே என்றார். நம் குழந்தை அப்படிச் செய்யாது என்று சொல்ல வாயைத் திறந்தேன், கடைசியில் அவளுக்கு எழுதிச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அதனால் இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு, உன் குறிப்புகளோடு வைத்துக்கொள்ளாதே. லீவுக்கு வருகிறேன் என்றாயே, இப்போது வராதே. இந்த வரியை எழுதியது அம்மாவுக்குத் தெரியாது.

இருமலுக்குக் கஷாயம் வைத்துக் குடி, காதை மூடிக்கொண்டு வெளியே போ, நேரத்துக்குத் தூங்கு. நீ எங்கே இருந்தாலும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இரு, எங்கள் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. படத்தை மறக்காதே. வெட்டின வீடுகளுக்கு ஏதாவது செய்யக் கூடாதா அப்பா, உங்களுக்குத் தெரியாத வேலையா என்று நீ கேட்பாய். செய்தேனா, செய்யப்போகிறேனா, எங்கே, யாருக்கு என்று எதையும் நான் உன்னிடம் சொல்லமாட்டேன். பெற்ற மகளிடம் பயந்து மறைக்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன் பாப்பா.

இப்படிக்கு,
உன் அப்பா