சூடேறும்போது மட்டும் கசிகிறது

ராயபுரம்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

டோரதி எழுதுவது. நானும் பட்டறையும் நலம் என்று எழுதத்தான் ஆசை. நான் நலம். பட்டறையைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். போனில் சொன்னால் என் குரல் ஏறிவிடுகிறது, நீங்களும் கப்பலில் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். கரை சேரும்போது படித்துக்கொள்ளுங்கள்.

கப்பலில் எல்லோரிடமும் பொண்டாட்டி எடை மிஷின் செய்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்களாமே. பட்டறையில் எனக்குத் துணையாக வேலை செய்கிற உங்கள் தோஸ்து ஜெயவேல்தான் சிரித்துக்கொண்டே சொன்னார். எடை மிஷின்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மூலக்கூறுகளை நிறுக்கிற மிஷின். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று ஒரு தடவை வாய் நிறையச் சொன்னால் குறைந்தா போவீர்கள்? மணலி, எண்ணூர் பக்கத்துக் காற்றில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்க்க மாதவரம் ஆய்வகத்துக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். மாதக் கடைசியில் சோதித்துப் பார்க்க வருகிறார்கள். நன்றாக வேலை செய்தால் என் பெயரில் வெளியே போகிற முதல் கருவி இதுதான். இல்லாவிட்டால் விட்டுவந்த கம்பெனி வாசலிலேயே போய் நிற்க வேண்டும்.

சிக்கல், மூலக்கூறுகளுக்கு மின்னேற்றம் கொடுக்கிற அயனி அறையில். உள்ளே வரும் ஆவி சுவரில் படிந்துவிடாமல் இருக்க, அதை இருநூற்றைம்பது டிகிரி சூட்டில் வைக்க வேண்டும். அதே அறைக்கு மூவாயிரம் வோல்ட்டும் கொடுக்க வேண்டும். அதைச் சுற்றியுள்ள இரும்பு உடம்போ எர்த். இரண்டுக்கும் நடுவில் நிற்பவை நீங்கள் போவதற்கு முன் முனை தேய்த்துக் கொடுத்த நான்கு வெள்ளைப் பீங்கான் தூண்கள் மட்டும்தான். சூடும் வெளியே ஓடக்கூடாது, கரண்டும் ஓடக்கூடாது, இரண்டையும் அவைதான் தடுக்க வேண்டும். குளிர்ந்திருக்கும்போது சமர்த்தாக நிற்கின்றன. சூடு ஏற ஏறக் கரண்டு கசிகிறது. நேற்று உள்ளே பட்டென்று ஒரு பொறி. ஓடிப்போய் மெயினை அணைத்தேன்.

முதலில் கடல் காற்று உப்பைச் சந்தேகப்பட்டேன். ஏசியைப் போட்டு ஜன்னலை ஒட்டிவிட்டேன். பிறகு வாசலை அதிரவைத்துப் போகும் கன்டெய்னர் லாரிகளை, பிறகு மின்வாரியக் கரண்டை. மீன்காரியின் தராசையே நம்பாதவள் நான், உங்களுக்குத் தெரியாததா. இப்போது என் சந்தேகம் வேறு இடத்தில் நிற்கிறது. மட்டமான பீங்கான்தான் சூட்டில் இப்படிக் கசியும். நாம் வாங்கியது மட்டமில்லை. அப்படியென்றால் மாறியது எங்கே?

ஜெயவேல் தூண்களைப் பொருத்தும்போது எனக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். கிட்டே போனால் கையால் மறைக்கிறார். "நான் பாத்துக்கறேன் அண்ணி, நீங்க போயி டீ குடிங்க" என்கிறார். மதியமானால் சாத்தாங்காட்டுப் பக்கம் போய்விடுகிறார். அங்கே பழைய உலைச் சாமான் விற்கும் கடைகள் இருக்கின்றன என்று எனக்கும் தெரியும்.

இன்னொன்று. போகிற அன்று நல்லா வரும் என்று ஒரு வார்த்தை சொன்னீர்களா? பையைத் தூக்கிக்கொண்டு கம்மென்று ஆட்டோ ஏறினீர்கள். நான் வேலையை விட்டது உங்களுக்குப் பிடிக்கவில்லை. அதைச் சொல்லியாவது போயிருக்கலாம்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். மேல்தளத்தில் வெறுங்காலோடு நடக்காதீர்கள்.

டோரதி


ராயபுரம்,
புதன்கிழமை.

அன்புள்ளவருக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. கப்பல் இன்னும் நடுக்கடலில் என்று ஏஜென்ட் ஆபீசில் சொன்னார்கள். அவர்கள் சொல்வதையும் பாதிதான் நம்புகிறேன்.

உங்கள் தோஸ்தை நிறுத்திவிட்டேன். கோபப்படாமல் முழுவதும் படியுங்கள். திங்கட்கிழமை மறுபடி கசிந்தது. அந்தத் தூண்களை மாற்றினாயா என்று நேராகவே கேட்டேன். முகம் வெளிறிப்போயிற்று. "இன்னா அண்ணி, என்ன போயி இப்டி கேட்டுட்டீங்க" என்றான். மாற்றவில்லை என்றால் எதை மறைக்கிறாய் என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். குற்றமில்லாதவன் ஏன் குனிய வேண்டும்? பையைத் திறந்து காட்டச் சொன்னேன். காட்டினான். சாப்பாட்டுத் தூக்கும் ஒரு துண்டும்தான் இருந்தன. அதற்குள் தடயத்தை அப்புறப்படுத்தியிருப்பான் என்றுதான் எனக்குத் தோன்றியது. அப்போது லேத் பட்டறை பிராங்கிளின் அண்ணனும் அங்கே இருந்தார். ஜெயவேலை வேலைக்கு வைத்துக்கொள்ளும்போது ஜாக்கிரதை என்று அவரிடமும் சொல்லி வைத்தேன்.

ஸ்பேனரை எல்லாம் துடைத்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போனான். அது ஒன்றுதான் உறுத்துகிறது. திருடுகிறவன் ஸ்பேனரைத் துடைத்து வைப்பானா என்று அப்போதிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

நாளை தூண்களைக் கழற்றப் போகிறேன். தரம் பார்க்கும் இடத்துக்கு அனுப்பி, கையெழுத்தோடு பதில் வாங்கி உங்களுக்குக் காட்டுகிறேன். அப்போதுதான் நம்புவீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டோரதி


ராயபுரம்,
ஞாயிறு, பூசைக்குப் பிறகு.

என் அன்புள்ள லியோ,

இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து மறுபடி எழுதுகிறேன்.

தூண்களைக் கழற்றினேன். வெளியே தெரிகிற பக்கம் பால் வெள்ளை. உள்பக்கம் திருப்பினேன். மேலிருந்து கீழாக ஒரு நீளக் கோடு, குறுக்கே ஒரு சின்னக் கோடு. பென்சிலால் போட்ட சிலுவை. நான்கிலும் இருந்தது. குறுக்குக் கோடு இடப்பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது. நம் வீட்டுக் கதவில், கட்டில் சட்டத்தில், என் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் எல்லாம் அப்படித்தான் இறங்கியிருக்கும். யார் கை என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பென்சில் என்பது கரி. கரண்டு அதன் வழியே நடந்து போகும். குளிர்ந்திருக்கும்போது கோட்டின் நுனிக்கும் எஃகுக் கவ்விக்கும் இடையே மயிரிழை இடைவெளி இருந்திருக்கிறது. சூட்டில் எஃகு பீங்கானைவிட அதிகமாக விரியும். விரிந்து போய் நுனியைத் தொட்டதும் கரண்டுக்குப் பாதை கிடைத்துவிட்டது. உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிடுவதால் கரி எரிந்தும் போகவில்லை. பீங்கான் மேல் பழி போட்டேன், பாவம் அது நல்ல பீங்கான்தான்.

அன்றைக்கே திருவொற்றியூர் குப்பத்துக்குப் போனேன். ஜெயவேலின் மனைவி பவானி கதவைத் திறந்தாள். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை. அவள் சாத்தாங்காட்டில் மீன் குழம்புக் கடை போட்டிருக்கிறாள். மதியம் பாத்திரம் தூக்கத்தான் அவர் அங்கே போயிருக்கிறார். இதை நான் ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

சிலுவையைப் பார்த்தீர்களா என்று ஜெயவேலிடம் கேட்டேன். பார்த்தாராம். கழுவும்போது சுற்றிலும் துடைத்துவிட்டு அதை மட்டும் விட்டுவிட்டாராம். "அது சாமி குறி அண்ணி. லியோ கையால போட்டது. நான் வேற சாமி கும்புடறவன், நான் போயி அத்த அயிக்கறதா? ஒரு பென்சில் கோடு இன்னா பண்ணிடப்போவுதுன்னு வுட்டுட்டேன்" என்றார். முடி விழக்கூடாது, விரல் படக்கூடாது, தும்மக்கூடாது என்று ஆயிரம் சொன்ன நான் பென்சிலைப் பற்றி உங்கள் இருவரிடமும் மூச்சு விடவில்லை. பென்சிலும் கையுமாக யார் தூண் பக்கம் போவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நான் கேட்டபோதே சொல்லியிருக்கலாமே என்றேன். "சொன்னா நீங்க அவர திட்டுவீங்க. அவரு நடுக்கடல்ல கீறாரு. எதுக்கு பேஜாரு" என்றார். எனக்குக் காட்டாமல் இருக்கத்தான் முதுகைத் திருப்பி, கையால் மூடி, கோட்டை உள்பக்கமாக வைத்துப் பொருத்தியிருக்கிறார். அதையே நான் திருட்டு என்றேன். வெட்கமாக இருக்கிறது லியோ.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "நாலு தூணையும் கைல வெச்சிகினு கொஞ்ச நேரம் கம்முனு குந்திகினு இருந்தாரு. அப்பாலதான் கோடு போட்டாரு. அண்ணிகிட்ட சொல்லாதடான்னாரு." அதைக் கேட்டபின் அங்கே என்னால் நிற்க முடியவில்லை. பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தேன்.

திரும்பி வந்ததும் பிராங்கிளின் அண்ணன் பட்டறைக்குப் போய், அவருடைய ஆட்கள் எல்லோர் முன்னாலும் நான் சொன்னது பொய் என்றேன். என் வார்த்தையைக் கேட்டு அவர் ஜெயவேலுக்கு ஒரு வேலையை மறுத்திருக்கிறார். இனிக் கூப்பிடுவதாகச் சொன்னார். கூப்பிடும்வரை அதையும் நான் நம்பப்போவதில்லை.

மூன்று தூண்களைக் காற்றுப் படும்படி உலையில் வைத்துச் சிவக்கச் சுட்டேன். கரி எரிந்துபோய்விட்டது. நான்காவதைச் சுட மனம் வரவில்லை. உபரியாக வைத்திருந்த ஐந்தாவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அதில் கோடு இல்லை. அதைச் சேர்த்துப் பொருத்தினேன். இருநூற்றைம்பது டிகிரி, மூவாயிரம் வோல்ட், மீட்டர் முள் அசையவில்லை. சந்தோஷத்தில் ஜெயவேலைத் திரும்பிப் பார்த்தேன். அவருடைய ஸ்டூல் காலியாக இருந்தது.

ஆய்வகத்துக்காரர்கள் வரும்போது அவர் என் பக்கத்தில் இருக்க வேண்டும். நான் கூப்பிட்டதற்கு, "உங்க மேல கோவம் இல்ல அண்ணி, ஆனா பையத் தொறந்து காட்டின எடத்துக்கு எப்டி வர்றது" என்கிறார். அவர் கேட்பதும் சரிதான். உங்கள் வார்த்தைக்குத்தான் வருவார். கரையில் சிக்னல் கிடைத்ததும் முதலில் அவருக்குப் பேசுங்கள். எனக்கு அப்புறம் பேசலாம்.

நல்லா வரும் என்று நீங்கள் சொல்லவில்லை என்று எழுதியிருந்தேன். அந்த முதல் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது அந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடுங்கள். நான்காவது தூண் என் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

இனிமேல் பீங்கானில் ஒன்றும் போடாதீர்கள். பத்திரமாகக் கரை சேர்ந்து வந்து அந்தச் சிலுவையை என் நெற்றியில் போடுங்கள். அங்கே எவ்வளவு கசிந்தாலும் பரவாயில்லை.

மாதா உங்களைக் கண் கலங்காமல் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
டோரதி