பாலத்தில் நீட்டிய பாவு

தெருவே அதிரும்படி சத்தம் போட்ட என் அன்பு நைனாவுக்கு,

நம்ம ஆற்றின் மேல் புதுசாக ஒரு பாலம் வந்திருக்கிறது. நடந்து போகிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும்தான். வேறு வண்டி எதுவும் ஏறாதபடி முகப்பிலேயே இரும்புக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. ஹாரன் கேட்காத ஒரு தெரு வேண்டுமென்று எத்தனை பேரோடு சண்டை போட்டிருப்பீர்கள்?

நெய்வதற்கு முன்னால் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிப் பாவு நீட்டுவோமே, சரியாக அப்போதுதான் ஏதாவது ஒரு ஸ்கூட்டர் உள்ளே புகும். இழை அறுந்தால் உங்கள் வசவு அடுத்த தெருவுக்குக் கேட்கும். "என் பேத்தி கல்யாணப் புடவையில ஒரு முடிச்சுகூட இருக்கக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள். வருகிற தையில் பவானிக்குக் கல்யாணம். நீங்கள் இல்லை. அந்தப் புடவையை நெய்யப் போவது நான்தான்.

அதனால் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். விடிந்ததும் நானும் பவானியும் அவள் அப்பாவுமாகப் பாவைப் பாலத்துக்கே கொண்டுபோய் இரண்டு முனையிலும் கோல் செருகி நீட்டிவிட்டோம். நேரான இடம், வண்டித் தொல்லை இல்லை, வேறென்ன வேண்டும்? ஆற்றில் காற்றடிக்கும் என்பது தறியிலேயே வளர்ந்த மூன்று பேருக்கும் தோன்றவில்லை, நைனா.

ஒரே வீச்சில் பாவு மொத்தமும் மேலே எழும்பிவிட்டது. நான் போட்ட கத்தலில் உங்கள் குரலே கேட்டதாம், உங்கள் மாப்பிள்ளை சொல்கிறார். வாக்கிங் வந்தவர்கள் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். ஒரு டீச்சரம்மா சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து பிடித்தார்கள். எங்களைத் துரத்த வந்தார் வாட்ச்மேன்.

"இன்னாம்மா பேஜாரு இது, பாலத்துல துணி காயப் போட்டுகினு."

"அண்ணா, பேசிகினு நிக்காதீங்க. ஜல்தியா அந்தக் கோலப் புடிங்க."

மறுபேச்சில்லாமல் பிடித்தார். முன்பின் தெரியாத அத்தனை பேரும் பவானி கல்யாணப் பட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம், நைனா.

சுருட்டும்போது பார்த்தால் ஒரே ஓர் இழை அறுந்திருந்தது. வாட்ச்மேன் பிடித்த இடம். அவர் முகம் வாடிவிட்டது. உங்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

பவானிதான் இழையை எடுத்து முடிச்சுப் போட்டாள். "இருக்கட்டும்மா. தாத்தாவா இருந்தா நல்லா திட்டிட்டு, அப்புறம் இவருக்கு டீ வாங்கிக் குடுத்திருப்பாரு" என்றாள். உண்மைதானே? திட்டுகிற வேலையை நான் முன்னாலேயே முடித்துவிட்டதால் டீ மட்டும் வாங்கிக் கொடுத்தோம். கல்யாணத்துக்கும் அழைத்துவிட்டோம்.

உங்கள் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். தாலி கட்டியதும் பவானியின் மாப்பிள்ளை அவளைப் பின்னால் உட்காரவைத்து அந்தப் பாலத்தில் ஓட்டிப் போவார். ஒரு ஹாரன் சத்தம் கேட்காது. நீங்கள் எங்கிருந்தாவது உற்றுப் பார்ப்பீர்கள் என்று தெரியும். அதனால் அந்த முடிச்சை மட்டும் கொசுவத்துக்குள் மடித்து மறைத்துவிடுவேன். இது சத்தியம்.

உங்கள் குரலோடு பிறந்த மகள்,
கோமதி