மைக் பெருமாளின் இரண்டாவது மரண அறிவித்தல்

நாவலப்பிட்டி முழுவதும் கேட்ட குரலுக்குச் சொந்தக்காரரான என் அப்பாவுக்கு,

முதலில் ஒரு செய்தி. நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களாம். போன மழையின்போது மேல் தோட்டத்துச் சனங்கள் என்னிடம் அப்படித்தான் சொன்னார்கள். சொன்னதோடு விட்டார்களா, போனைத் தூக்கி உங்கள் குரலையும் போட்டுக் காட்டினார்கள். நானோ உங்கள் வருஷத் திவசத்துக்கு ஐயரிடம் நாள் கேட்டு வைத்திருந்தேன்.

இந்தக் கடிதத்தை உங்களைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். நௌஷாட் நானாவின் த்ரீவீல் கூரையில் இரண்டு ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு, நகரத்திலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் மரண அறிவித்தல் சொல்லிக்கொண்டு போனவர் நீங்கள். முதலில் தமிழில், பிறகு சிங்களத்தில். தண்ணீர் வெட்டு, தேர்த் திருவிழா, காணாமல் போன பிள்ளை எல்லாவற்றையும் சொன்னீர்கள்தான். ஆனாலும் உங்கள் குரல் தூரத்தில் கேட்டால் பெண்கள் அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்கு வந்தது சாவுச் செய்திக்காகத்தான். மைக் பெருமாள் சொன்னால் செத்தவர் செத்தவர்தான், அதில் மறுபேச்சு கிடையாது.

அந்த நம்பிக்கை சும்மா வந்ததா? பிணத்தைக் கண்ணால் பார்க்காமல் நீங்கள் மைக்கைத் தொடமாட்டீர்கள். ஒருமுறை கடைவீதி முதலாளி ஒருவர் காலமாகிவிட்டார் என்று போனில் சொல்லி உங்களை அவசரப்படுத்தினார்கள். நீங்கள் வழக்கம்போல வீட்டுக்குப் போனீர்கள். இறந்தவர் பிளேன்டீயில் பணிஸை நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உங்களைக் கண்டதும் அவரே எழுந்து உட்காரக் கதிரை எடுத்துப் போட்டார். காணித் தகராறில் யாரோ செய்த வேலை. அதற்குப் பிறகு, "பெருமாள் அண்ணன் வந்து பாக்காம இந்த ஊர்ல யாரும் நிம்மதியா சாகவும் முடியாது" என்று பஸ் நிலையத்தில் உங்களைக் கேலி செய்வார்கள். நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள்.

நான் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் பிரதேச நிருபரானதில் உங்களுக்குப் பெருமைதான். வெளியில் காட்டிக்கொள்ளமாட்டீர்கள். "ஒன் பேப்பரு நாளைக்குத்தான் வரும் தாயி, என் ஸ்பீக்கரு இன்னைக்கே போயிரும்" என்பீர்கள். இப்போது என் பேப்பர் நாளைக்கு வந்தாலும் யாரும் வாங்குவதில்லை அப்பா. கடையில் வடை சுற்றக்கூட வேறு தாள் வந்துவிட்டது.

பேராதனை ஆஸ்பத்திரியில் நீங்கள் கண்ணை மூடியபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? நகரத்தில் வெள்ளைக் கொடி கட்டினோம், போஸ்டர் ஒட்டினோம், என் பேப்பரில் அறிவித்தல் போட்டேன். நௌஷாட் நானா த்ரீவீலை எடுத்தார். மேல் தோட்டத்துப் பாதையில் மரம் விழுந்து கிடந்ததால் பாதி வழியில் திரும்ப வேண்டியதாயிற்று. ஊரார் சாவையெல்லாம் மலை உச்சிவரை கொண்டுபோனவரின் சாவு மலை உச்சிக்குப் போகவில்லை. அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை. எப்படியும் வாய்வழியாகப் போய்விடும் என்று நினைத்தேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். அடைமழை. மேல் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்குப் பின்னால் சரிவில் மண் பிளந்திருக்கிறது, எல்லாரும் பாடசாலை மண்டபத்துக்கு இறங்குங்கள் என்று கிராம சேவகர் வீடு வீடாகச் சொன்னார். யாரும் அசையவில்லை. காரணம் எல்லார் போனிலும் இருந்தது. உங்கள் படம், பக்கத்தில் ஸ்பீக்கர், பின்னணியில் உங்கள் குரல். "மலைச் சொந்தங்களே! மண்சரிவு என்பது பொய். உங்களை இறக்கிவிட்டு லயத்தை இடித்து, காணியை வெளிநாட்டுக்காரனுக்கு விற்கப் போகிறார்கள். வீட்டை விட்டு இறங்காதீர்கள்!"

திருவிழாவில் நீங்கள் பேசியதையெல்லாம் யார் யாரோ இணையத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து குரலை எடுத்து, வேண்டியதைப் பேசவைக்க இப்போது கருவி இருக்கிறது. அது உங்கள் இருமலைக்கூட விட்டுவைக்கவில்லை. முதல்முறை கேட்டபோது, பொய் என்று தெரிந்தும் எனக்கு அழுகை வந்தது. நெடுநாளைக்குப் பிறகு உங்கள் குரல் அல்லவா? பிறகுதான் ஆத்திரம் வந்தது, வந்தது இன்னும் போகவில்லை.

அதைப் போட்ட இணையப் பக்கத்துக்கு நம் மலையின் பெயரை வைத்திருக்கிறார்கள். முகப்பில் கொழுந்துக் கூடை. நடத்துகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தட்டிப் பார்த்தேன். எல்லாரும் கடல் கடந்த தேசங்களில், ஒருவர்கூட இங்கில்லை. அதற்கு முந்திய கிழமை அதே பக்கம் ஒரு நாடு கட்டித்தரும் வீடுகளை இடிந்துவிழும் என்று ஏசியது. இன்னொரு நாட்டுக் கம்பனியைத் தெய்வமே என்று வாழ்த்தியது. எந்த நாட்டுக்கு யாரோடு சண்டையோ எனக்குத் தெரியாது. ஆனை இரண்டு முட்டிக்கொள்ள எங்கள் லயத்துக் கோடிப்புறம்தானா கிடைத்தது?

சனங்களை முட்டாள்கள் என்று நான் சொல்லமாட்டேன். பரம்பரை பரம்பரையாக உழைத்த மண்ணில் ஒரு துண்டு சொந்தமில்லாதவர்களிடம் "காணி போகப்போகிறது" என்றால் பயப்படாமல் என்ன செய்வார்கள்? வீடு தருகிறோம் என்று வந்தவர்கள் எத்தனை பேர், அடிக்கல்லோடு போனவர்கள் எத்தனை பேர்? தொலைக்காட்சிக்காரர்கள் தேர்தலுக்குத் தேர்தல் நிறம் மாறுகிறார்கள். என் பத்திரிகை மட்டும் யோக்கியமா? அந்தக் காணொளியை "சமூக வலைத்தளங்களில் பரபரப்பு" என்று இணையத்தில் போட்டார்கள். நான் கோபமாகப் போன் எடுத்தால் பொறுப்பாசிரியர், "தமயந்தி, அப்பா நல்லா இருக்காரா? ஒரு சின்னப் பேட்டி எடுத்து அனுப்புங்களேன்" என்கிறார். என் தகப்பனின் மரண அறிவித்தலைத் தன் பத்திரிகையிலேயே போட்டவர் அவர். தன் பத்திரிகையை அவரே படிப்பதில்லை போலும்.

நௌஷாட் நானா வீட்டுக்கு நடந்தேன். "நானா, ஸ்பீக்கர் ரெண்டும் இருக்கா?"

"ஈக்கி தங்கச்சி. பெட்ரியும் ஈக்கி. அண்ணன் போனதுக்குப் பொறகு நான் கழட்டவே இல்ல. ஆனா யாரு பேசுற?"

"நான்தான்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "செரி. மொதல்ல எங்க போறது? பாக்கத்தானே?" என்றார். உங்களோடு அவ்வளவு காலம் ஓடியவர், வழக்கத்தை மறப்பாரா?

லயத்துக்குப் பின்னால் தேயிலைக்குள் ஏறிப் பார்த்தேன் அப்பா. அட்டை கடித்ததைக்கூடப் பிறகுதான் கவனித்தேன். வெடிப்பு சரிவின் குறுக்கே கிடந்தது. கையை விட்டேன், தோள்வரை போயிற்று, அடி தட்டவில்லை. உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அந்த ஈரக் கையோடுதான் கீழே இறங்கி வந்தேன்.

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் கூட்டமாக நின்றார்கள். முன்னால் செல்வமணி அக்கா. நினைவிருக்கிறதா? கொழுந்து எடுப்பவர். அவருடைய வீட்டுக்காரரை மின்னல் அடித்தபோது நீங்கள்தான் போய்ப் பார்த்து அறிவித்தீர்கள். அவர் என்னிடம் போனை நீட்டினார்.

"என் வீட்டுக்காரரு போனத ஊருக்குச் சொன்ன கொரலு இது. அந்தக் கொரலு பொய் சொல்லாது. ஒங்கப்பாவே எறங்க வேணாம்னு சொல்றாரு, நீ யாரு எறங்கச் சொல்ல?"

அது பொய்க்குரல், கணினிக்குரல் என்று விளக்கினேன். ஒருவர் சிரித்தார். "பேப்பர்காரங்க எத வேணும்னாலும் சொல்லுவீங்க" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்களுக்கு உங்கள் சாவை யாருமே சொல்லவில்லையே! சொல்லவேண்டிய முறைப்படி, சொல்லவேண்டிய வண்டியில் வந்து யாரும் சொல்லவில்லை.

த்ரீவீலுக்குத் திரும்பினேன். மைக்கை எடுத்தேன். உங்கள் கைக்குட்டை இன்னும் அதில் சுற்றியபடியே இருந்தது.

"மரண அறிவித்தல். மரண அறிவித்தல். நாவலப்பிட்டியைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட மைக் பெருமாள் என்று அழைக்கப்படும் சின்னையா பெருமாள் அவர்கள் காலமானார். அன்னார் காலஞ்சென்ற சின்னையா, அழகம்மா தம்பதியரின் அன்பு மகனும், காலஞ்சென்ற புஷ்பவதியின் அன்புக் கணவரும், தமயந்தியின் அன்புத் தந்தையும் ஆவார்."

அதுவரை உங்கள் ராகத்திலேயே வந்துவிட்டேன். அதற்கு மேல் என் ராகம்.

"அன்னாரின் பூதவுடல் போன வருஷமே எரிக்கப்பட்டுவிட்டது. கொள்ளி வைத்தது நான். பார்த்ததைத்தான் சொல்கிறேன். செத்த மனுஷன் போனில் பேசமாட்டான். என் அப்பா பேரில் பேசுகிறவன் இந்த மலையில் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. அவன் வெடிப்பைப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். இந்த அறிவித்தலைக் கேட்கும் உற்றார் உறவினர் அனைவரும் இப்போதே கீழே இறங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

பிறகு சிங்களத்தில். என் சிங்களம் உங்கள் சிங்களம் போல வராது, தெரியும்தானே. ஆனாலும் சொன்னேன்.

செல்வமணி அக்கா மண்சரிவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மழைக்குப் போர்த்தியிருந்த கொங்காணியை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, அந்த மழையிலேயே உட்கார்ந்து, உங்களுக்காக ஒப்பாரி வைத்தார். பக்கத்தில் இன்னும் சில பெண்கள் உட்கார்ந்தார்கள். "எல்லாத்துக்கும் வந்து சொன்ன மவராசா, ஒனக்கு யாரும் வந்து சொல்லலியே" என்று அவர் அழுதது என் நெஞ்சை அறுத்தது. உங்களுக்குக் கிடைக்கவேண்டிய அழுகை, தாமதமாகவாவது கிடைத்தது.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு என்னைப் பார்த்தார். "வெடிப்ப நீ பாத்தியா?"

"பாத்தேன்க்கா. கைய விட்டேன், தோள் வரைக்கும் போச்சு." மண் காயாத கையைக் காட்டினேன். அவர் அதைப் பிடித்து முகர்ந்து பார்த்தார். பிறகு எழுந்துபோய் இரண்டு கோழிகளையும் ஒரு பையையும் எடுத்துக்கொண்டு இறங்கத் தொடங்கினார். அவர் பின்னால் அந்த லயமே இறங்கியது. மேல் லயத்தில் சிலர் கடைசிவரை வரவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இப்போது நீங்கள் கேட்பீர்கள், மலை வந்ததா என்று. வரவில்லை அப்பா. மழை விட்டது. வெடிப்பு வெடிப்பாகவே கிடக்கிறது. மண்டபத்துச் சீமெந்துத் தரையில் படுத்தவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். இறங்காதவர்கள் வாசலில் நின்று கைதட்டி வரவேற்றார்கள். "எங்க புள்ள ஒன் மலை?" என்று பஸ்ஸில் இன்றைக்கும் கேட்கிறார்கள். மலை விழாததற்காக நான் வெட்கப்பட வேண்டுமா? விழாமல் இருக்கட்டும், நூறு வருஷம் விழாமல் இருக்கட்டும், நான் கேலியைச் சாப்பிட்டுக்கொள்கிறேன்.

அதற்கடுத்து அந்தப் பக்கத்தில் புதிய காணொளி வந்தது. உங்கள் குரல்தான். "என் மகள் தமயந்தி பணம் வாங்கிக்கொண்டு பொய் சொல்கிறாள். அவளை நம்பாதீர்கள்" என்கிறது. உங்கள் வாயால் என்னைப் பொய்க்காரி ஆக்கினால் நான் ஒடுங்கிவிடுவேன் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். கதவைச் சாத்திக்கொண்டு கடைசிவரை கேட்டேன். வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் பாதியில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறந்த நாளிலிருந்து நீங்கள் என்னைத் தாயி என்றல்லாமல் வேறெப்படியாவது கூப்பிட்டதுண்டா? கடல் கடந்து இருக்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்?

அந்தப் பக்கத்தை மூடச் சொல்லி முறைப்பாடு செய்தேன். "எமது விதிமுறைகளை மீறவில்லை" என்று பதில் வந்தது. மறுபடியும் செய்திருக்கிறேன். என் பத்திரிகைக்கும் எழுதினேன், பார்க்காததைப் போட்டதற்குத் திருத்தம் போடுங்கள், முதல் பக்கத்தில் போடுங்கள் என்று. உள்பக்கத்தில் மூலையில் போட்டார்கள். மறுபடியும் எழுதியிருக்கிறேன்.

நேற்றுச் செல்வமணி அக்கா போன் எடுத்தார். "பாடசாலைப் புள்ளைங்களுக்குக் குடுக்கிற பால்மாவுல என்னமோ கலந்திருக்காம், போன்ல வருது. யாரு பாத்தாங்களாம்னு கேட்டேன், ஒருத்தனுக்கும் பதில் தெரியல. நீ போய்ப் பாத்துட்டுச் சொல்லு. அது வரைக்கும் நான் யாருக்கும் அனுப்பமாட்டேன்." நாளைக்குக் காலை அந்தப் பாடசாலைக்குப் போகிறேன். நௌஷாட் நானா வருகிறார். பால்மா நல்லதாக இருந்தால் நல்லது என்று சொல்வேன், கெட்டிருந்தால் கெட்டது என்று சொல்வேன்.

திவசத்துக்குப் படையல் வைத்து முடித்ததும் த்ரீவீலில் ஏறுவேன் அப்பா. இந்தமுறை எல்லாத் தோட்டங்களுக்கும், பாதை முடியும் இடம்வரை போவேன். உங்களைப் பேசவைக்கிறவர்கள் எத்தனைமுறை உங்களை எழுப்பினாலும், அத்தனைமுறையும் நான் வந்து நீங்கள் செத்துவிட்டீர்கள் என்று சொல்வேன். நான் கொள்ளி வைத்த அப்பாவை எவனுக்கும் வேலைக்காரனாக விடமாட்டேன்.

கண்ணால் பார்த்த பிறகே மைக்கைத் தொடும்,
உங்கள் தாயி.