எந்த வாசல் வழியாக

"போகாதீங்க" என்று அன்று நான் சொல்லவில்லை. நீங்கள் இறந்து ஒரு வருஷமாகிறது. இன்று தச்சர் எங்கள் புது அலமாரிக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்க்கிறார். நீங்கள் எண்ணெய் போட்டுத் துடைக்கும் கோல்ஃப் மட்டைகளின் வாசனை. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஓய்வுபெற்று, மிஷன் பங்களாவில் ஊழியம் செய்த உங்கள் தங்கையுடன் இருக்க நீங்கள் திருத்தணிக்கு வந்தபோது ஊரே துரை என்றது. நீங்களோ எங்கள் வீட்டுக்குப் புழக்கடை வழியாகவே வந்தீர்கள். அம்மா கூசிப்போவாள்.

"குப்ப வார்றவங்க வர்ற வழிங்க அது. முன்னால வாங்க தொரை."

"தொரைங்க வேற, நான் வேறம்மா," என்பீர்கள், பந்து பொறுக்கும் பையன்களிடம் கற்ற தமிழில்.

கேட்டுக் கேட்டுத்தான் உங்கள் கதை கிடைத்தது. ஸ்காட்லாந்தில் ஒரு கடலோர ஊரில் கனவான்களின் மட்டைப்பையைச் சுமந்த பிள்ளை, அவர்களையே ஆட்டத்தில் வென்று கோப்பை வாங்கினீர்கள். பிறகு சென்னைக் கிளப்பில் ஆட்டம் கற்பிக்கக் கப்பலேறினீர்கள். ஆனால் சம்பளத்துக்கு ஆடுகிறவன் கிளப் கட்டடத்துக்குள் போகக் கூடாது. அங்கும் இங்கும் அதுதான் வழக்கம்.

"கோப்ப வாங்கினவருக்கே சோறு வெளியவா? வெள்ளக்காரங்களுக்குள்ளயுமா?" என்றார் நைனா.

"ஆங். கொட்டாயில துன்னுவேன். எங்க ஊர்ல அத்த ஜாதின்னு சொல்றதில்ல, அவ்ளோதான்."

நைனா சிரிக்கவில்லை. தாத்தா காலத்தில் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த குடும்பம் எங்களுடையது. இன்னமும் எந்தத் தெரு என்று கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் தருகிறார்கள்.

உலகச் சண்டை முடிந்த வருஷம் கிளப்பின் புதுச் செயலாளர் ரயிலேறி உங்களைத் தேடி வந்தார்; நானும் அங்கிருந்தேன். போட்டியின் முதல் பந்தை நீங்கள் அடிக்க வேண்டும், பிறகு எல்லோருடனும் சாப்பாடு என்றார்.

"எந்த வாசல்?" என்று கேட்டீர்கள்.

அவருக்குப் புரியவில்லை. சிரித்தார். உள்ளே கூப்பிட்டு ஓரமாக உட்கார வைத்தால் தாங்க மாட்டீர்கள் என்று தோன்றியது. ஆனாலும் உங்களைத் தடுக்கவில்லை. என்ன நடக்கும் என்று எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

இன்றும் எந்தப் பெரிய கட்டடத்தைப் பார்த்தாலும், வேலைக்காரர்கள் எந்த வழியாகப் போகிறார்கள் என்றுதான் முதலில் தேடுகிறேன். உங்களிடமிருந்து வந்த பழக்கம்.

போனீர்கள். பந்து நேராகப் போனதாம். முன்வாசல் வழியாக அழைத்துப்போய் நடு மேசையில் உட்கார வைத்தார்களாம். மறுநாள் நைனா விசாரித்தார்.

"கறி நல்லாதான் இருந்துச்சி. பக்கத்துல இருந்தவன் எங்கூட பேசல," என்றீர்கள்.

மறுவருஷமும் கூப்பிட்டார்கள். நீங்கள் போகவில்லை.