தட்டின் இடப்பக்கம்

அப்பா,

இந்தச் சீட்டைத் தாளின் வலது பாதியில் மட்டும் எழுதியிருக்கிறேன். காரணம் கீழே.

மாலை வகுப்புக்குக் கிளம்புகிறேன். சோறும் அவரைக்காய்ப் பொரியலும் தட்டில் மூடி வைத்திருக்கிறேன். தீர்ந்துவிட்டது என்று தோன்றியதும் தட்டை அரைச்சுற்றுத் திருப்புங்கள். மிச்சம் தெரியும்.

நேற்று இடப்பக்கம் வைத்த பொரியலை நீங்கள் தொடவே இல்லை என்று கத்தினேன். "பொரியல் எங்க சாமி வெச்சே?" என்றீர்கள். கேலி என்று நினைத்துவிட்டேன். இன்று டாக்டரைக் கேட்டேன். கண்ணில் பழுதில்லையாம், பக்கவாதத்துக்குப் பிறகு மூளைதான் இடப்பக்கத்தை விட்டுவிடுகிறதாம். சரியாகப் புரிந்துகொண்டேனா என்று இரண்டு முறை கேட்டேன்.

நிலா

எழுத மறந்தது: சண்டைக்குப் பிறகு வெகுநேரம் உங்கள் இடப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று அழுகை வந்தது. இன்று வந்ததும் வலப்பக்கம் உட்காருகிறேன்.