வெந்நீர்ப் பூனை

5 செப்டம்பர் 1978, செவ்வாய்

அம்மா தூங்கிவிட்டாள். சிம்னி விளக்கைத் தாழ்த்தி வைத்து, சுவர்ப் பக்கம் திரும்பி எழுதுகிறேன். யாராவது எழுந்தால் ஊதி அணைத்துவிட வேண்டும்.

ஹிந்தி வகுப்புக்கு இன்றும் போகவில்லை. போன மாதமே நின்றுவிட்டேன். அந்த நேரத்துக்கு கூட்ஸ் ஷெட் பின்னால் லட்சுமியம்மாள் வீட்டுக்குப் போகிறேன். ரயில்வே கார்டாக இருந்தவருடைய மனைவி. அவர் காலமான பிறகு வீடு முழுக்கப் பூனைகள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வந்ததிலிருந்து இங்கிருந்து குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். அம்மிக்கல், கோழி, விளக்குமாறு வரை லாரியில் ஏறுகிறது. பூனை மட்டும் ஏறுவதில்லை. விட்டுப்போன பூனைகளைப் பிடித்து வந்து, புண்ணுக்கு வேப்பெண்ணெய் போட்டு, வேறு வீடு பார்த்துக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. எங்கள் என்றால் லட்சுமியம்மாள், சைக்கிளில் போய் வீடு விசாரித்து வரும் தபாலாபீஸ் பூவராகவன் ஸார், அப்புறம் நான்.

இன்று கறுப்புக் குட்டியை ரைஸ்மில் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம். லட்சுமியம்மாள் நேரே சமையலறை வாசலில் போய் நின்றார்.

“பால் சட்டிக்கு மூடி இருக்குதா? காட்டு.”

“பூனை குடுக்க வந்துட்டு மூடியைக் கேக்கறீங்களே?”

“மூடி இல்லாத ஊட்ல பூனை திருடும். திருடினா அடிப்பே. அடிச்சா அது மறுபடி என் தலையிலதான் வந்து வுடியும்.”

மூடியைப் பார்த்த பிறகுதான் கூடையைத் திறந்தார்.

முக்கியமானதை எழுதவில்லையே. வெந்நீர்ப் பூனை இன்று என் மடியில் வந்து படுத்தது! யாரோ முதுகில் வெந்நீர் ஊற்றியிருக்கிறார்கள். அந்த இடத்தில் மயிர் முளைக்கவே இல்லை. லட்சுமியம்மாளிடம்கூடப் போகாது. என்னிடம் வந்தது. என்னிடம் மட்டும்.

அங்கேயே குழாயில் குளித்து, வேறு பாவாடை மாற்றிக்கொண்டுதான் வந்தேன். அப்பாவுக்குக் கோயில் மடைப்பள்ளியில் கைங்கர்யம். பெருமாளுக்குச் சமைக்கும் தளிகையில் ஒரு பூனை மயிர் விழுந்தால் போதும், எல்லாம் போயிற்று. ஆனாலும் நாளைக்கும் போவேன்.

8 செப்டம்பர், வெள்ளி

புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள். ஞானம் என்று பெயர். எங்கள் பள்ளிக்கூடம்தான், ‘சி’ பிரிவு. எனக்குப் பிடிக்கவில்லை.

14 செப்டம்பர், வியாழன்

அழுது அழுது மூக்கு அடைத்துக்கொண்டது.

அப்பா கொண்டுவந்த தத்யோன்னத்தில் என் பங்கைத் தொன்னையோடு ஒளித்துவைத்து எடுத்துப்போனேன். பெருமாள் அமுது செய்த தயிர்சாதம். நான் சாப்பிடாமல் கொண்டுபோனது. வெந்நீர்ப் பூனை இரண்டு வாய் நக்கியது. அதற்குள் ஞானம் வந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். நெத்திலிக் கருவாடு. அவ்வளவுதான், பூனை தொன்னையை மிதித்துக்கொண்டு ஓடியது! என் தொன்னையை!

ஞானம் விழுந்து விழுந்து சிரித்தாள். “இன்னா அம்பு, பூனைக்கும் ஐயிரூட்டுச் சாப்பாடா? அது இன்னா பாவம் பண்ணுச்சு?”

லட்சுமியம்மாளும் சிரித்தார். அவர் சிரித்திருக்க வேண்டாம்.

கருவாட்டுக்கு நான் எங்கே போவேன்? மீன் கடைத் தெருவில் நடந்தாலே தலைக்குக் குளிக்கச் சொல்கிற வீடு. இது நியாயமே இல்லை. அவளுக்கு அது சுலபம். அவர்கள் வீட்டில் சட்டியில் கிடக்கும், இவள் அள்ளிக்கொண்டு வருவாள். நான் ஒவ்வொரு நாளும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறேன். அது பூனைக்குத் தெரியாதா?

18 செப்டம்பர், திங்கள்

நேற்று புரட்டாசி பிறந்தது. அப்பா விடிவதற்கு முன்னால் போனால் மதியம் தாண்டித்தான் வருகிறார். வீட்டில் மடி ஆசாரம் இரட்டிப்பு.

பூனை இப்போது ஞானத்தின் மடியில்தான் படுக்கிறது. அவளுடைய முட்டிக்கால் கறுப்பாக, சொரசொரப்பாக இருக்கிறது. அதில் போய் எப்படித் தூக்கம் வருகிறதோ.

அவளுக்குப் பின்னல்கூட நேராகப் போடத் தெரியாது.

21 செப்டம்பர், வியாழன்

ஞானத்தின் அப்பா ஜெயராஜுக்குக் கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் வீட்டைக் காலி செய்கிறார்கள். நான் சந்தோஷப்பட்டேன். உண்மையைத்தான் எழுதுகிறேன், குதிக்கலாம் போல இருந்தது.

அப்புறம் லட்சுமியம்மாள் சொன்னார்: “வெந்நீர்ப் பூனை ஞானத்தோடவே போவட்டும். அதும் மனசு அங்கதான் கீது.”

“அவங்க ஊட்ல மூடி இருக்கா?” என்று கேட்டேன். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

“நாலு சட்டி, நாலு மூடி. நானே பாத்துட்டேன். நீ வேணா வெச்சுக்கிறியா அம்பு? சொல்லு, குடுத்துடறேன்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பூவராகவன் ஸார்கூட. நான் எப்படி வைத்துக்கொள்ள முடியும்? தெரிந்துதானே கேட்கிறார்? ஞானம் தலையைக் குனிந்துகொண்டு பூனையின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். ஜெயித்துவிட்டோம் என்று உள்ளுக்குள் சிரித்திருப்பாள்.

24 செப்டம்பர், ஞாயிறு

கொல்லைச் சுவரில் ஏதோ பூனை நடந்தது. அம்மா கம்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். “தென்கலையார் ஆத்துக்குப் போ! இங்கே என்ன வேலை?” என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். தாய்ப்பூனை குட்டியைக் கவ்விக்கொள்வது போலப் பகவானே நம்மைத் தூக்கிக்கொள்வான் என்பது அவர்கள் கட்சி. குரங்குக்குட்டி மாதிரி நாம்தான் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது வடகலையாரான எங்கள் கட்சி.

நான் பிடித்துக்கொள்ளப் போகிறேன்.

27 செப்டம்பர், புதன்

செய்துவிட்டேன். வெந்நீர்ப் பூனை இப்போது எங்கள் கொல்லையில், விறகுக் கொட்டிலில் இருக்கிறது.

லட்சுமியம்மாள் கிணற்றடிக்குப் போன சமயம். ஹிந்திப் புத்தகப் பையில் போட்டு மேலே தாவணியைச் சுற்றினேன். கொல்லைச் சந்து வழியாக ஓடிவந்தேன். கத்தவே இல்லை. என்னை நம்பித்தானே கத்தவில்லை?

நாளைக்கு அவள் வெறுங்கையோடு போவாள். போகட்டும்.

பெருமாளே, அப்பா கொட்டில் பக்கம் வரக் கூடாது.

28 செப்டம்பர், வியாழன்

பூனை ஓடிவிட்டது என்று லட்சுமியம்மாள் தண்டவாளம் வரை தேடியிருக்கிறார். பூவராகவன் ஸார் மழையில் சைக்கிளில் சுற்றினாராம். நானும் தேடுகிற மாதிரி கூட்ஸ் ஷெட் வரை போய் வந்தேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது.

சாயங்காலம் ஞானம் எங்கள் கொல்லைக் கதவுக்கு வந்தாள். ஊருக்குப் போகிறாளாம், சொல்லிக்கொள்ள வந்தாளாம். அழுது கண் வீங்கியிருந்தது. அப்போது பார்த்து உள்ளே அது மியாவ் என்றது. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. நான் இருமினேன். விடாமல் இருமினேன்.

ஞானம் கொட்டிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். செத்தேன் என்று நினைத்தேன். அவள் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் திணித்தாள். நெத்திலி.

“இனிமே எனக்கு எதுக்கு? அங்க இருக்கிற பூனைங்களுக்குப் போடு. கொஞ்சம் கொஞ்சமா போடு, ஒரேயடியா போட்டா கக்கும். வர்றேன் அம்பு.”

போகும்போதும் எனக்குப் பாடம் சொல்லிவிட்டுப் போகிறாள்! தன்னை விட்டால் பூனை வளர்க்க ஆளில்லை என்று எண்ணம். திமிர்.

நல்லவேளை, அவளுக்குக் காது மந்தம் போலிருக்கிறது.

29 செப்டம்பர், வெள்ளி

தயிர்சாதத்தைத் தொடவில்லை. பாலையும் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கடைசியில் ஒரு குச்சியால் பொட்டலத்தைப் பிரித்து நெத்திலியைத் தள்ளினேன். தின்றது. அவள் கொடுத்ததைத்தான் தின்றது. மிச்சத்தை விறகுக்கு அடியில் சொருகிவைத்தேன்.

என்னிடம் இருக்கிறது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. இன்னும் என்ன செய்யணும் நான்?

30 செப்டம்பர், சனி

ஐயோ. எங்கிருந்து ஆரம்பிப்பது.

புரட்டாசிச் சனிக்கிழமை. அம்மா விறகெடுக்கக் கொட்டிலுக்குப் போனவள், மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள். பொட்டலம் அகப்பட்டுவிட்டது. பூனை உத்தரத்தின் மேல் ஏறியிருக்க வேண்டும், அவள் கண்ணில் படவில்லை.

வாசல் கதவைச் சாத்தி, குரலே வெளியே வராமல் அழுதாள். “நம்மாத்துல கருவாடு! புரட்டாசிச் சனிக்கிழமையில! யார் கொண்டுவந்து போட்டாளோ, என்ன ஏவலோ!”

அப்பா வந்ததும் விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பொட்டலத்தை ஒரு குச்சியால் புரட்டிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: “இது கிருஷ்ணஸ்வாமி வேலை.”

கிருஷ்ணஸ்வாமி மாமா அப்பாவோடு மடைப்பள்ளியில் இருப்பவர். இந்தப் புரட்டாசித் தளிகை முறை அவருக்கு வர வேண்டியது, அப்பாவுக்கு வந்துவிட்டது. அதிலிருந்து அவர் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம்.

“பொறாமைடி. என் கைங்கர்யத்துக்கு உலை வைக்கப் பார்க்கறான். நாளைக்கு தர்மகர்த்தா கிட்ட இந்தப் பொட்டலத்தோட போய் நிக்கறேன். ஒண்ணு அவன் இருக்கணும், இல்லே நான் இருக்கணும்.”

கிருஷ்ணஸ்வாமி மாமாவுக்கு நான்கு குழந்தைகள். அவருக்குக் கருவாடு எந்தக் கடையில் விற்கும் என்றுகூடத் தெரியாது. என்னைப் பார்த்தால் “அம்புஜவல்லித் தாயார் வரா, வழி விடுங்கோ” என்பார்.

பொறாமை என்று அப்பா சொன்னபோது என் முகத்தைப் பார்த்தாரா? இல்லை. பார்த்த மாதிரி இருந்தது.

சொன்னால் என்னைக் கொன்றுவிடுவார். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் என்ன? யாருக்கும் தெரியாது. பூனைக்கு மட்டும்தான் தெரியும். அது பேசாது.

தூக்கம் வரவில்லை.

1 அக்டோபர், ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

அப்பா குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, பொட்டலத்தை ஒரு குச்சி நுனியில் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பினார். குறுக்கே போய் நின்றேன். பாவாடையெல்லாம் நனைந்துவிட்டது — வெட்கமாக இருக்கிறது எழுத.

“கிருஷ்ணஸ்வாமி மாமா இல்லேப்பா. நான்தான். பூனைக்கு.”

“எந்தப் பூனைக்கு?”

ஹிந்தி வகுப்பு, கூட்ஸ் ஷெட், ஞானம், எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா கொல்லைக்கு நடந்தார். உத்தரத்திலிருந்து அது தானாக இறங்கி வந்தது. அப்பா வேஷ்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றார். அதன் முதுகைப் பார்த்தார்.

“இது யார் பண்ணினது?”

“தெரியலேப்பா. வெந்நீர்.”

அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடிக்கவில்லை. “ராத்திரி பூரா கிருஷ்ணஸ்வாமியைச் சபிச்சிண்டிருந்தேன்” என்றார், என்னிடம் சொல்கிற மாதிரி இல்லை. “அவன் குழந்தைகளையும் சேர்த்து.” அப்புறம், “நாளைக்கு நான் குளிக்கறதுக்குள்ளே இது இங்கே இருக்கப்படாது. நீயும் இனிமே அங்கே போகப்படாது.”

மறுபடி குளித்துவிட்டுப் போனார். மடைப்பள்ளியில் இன்று கிருஷ்ணஸ்வாமி மாமாவின் அடுப்புக்கும் அப்பாவே விறகு தள்ளினாராம். மாமா பயந்து போய்ப் பக்கத்து வீட்டு மாமியிடம் அப்பாவைப் பற்றி விசாரித்திருக்கிறார், “ஸம்பத்குமாருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று.

2 அக்டோபர், திங்கள்

விடிவதற்கு முன்னால் அம்மாவே என்னோடு கூட்ஸ் ஷெட் வரை வந்தாள். எட்ட நின்றாள். லட்சுமியம்மாள் பூனையைத் தூக்கிப் பார்த்தார். விலா எலும்பு தெரிந்தது.

“எங்க இருந்துச்சு?”

“எங்காத்துல.”

“ஓ.” பூனையைத் தோளில் சாய்த்துக்கொண்டார். “அந்த மனுசன் மழையில சுத்தி ஜுரத்துல கெடக்கறாரு, தெரியுமா?” என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை. ஜுரம் விட்டதும் பூவராகவன் ஸாரே பஸ்ஸில் கொண்டுபோய் ஞானத்திடம் விடுவாராம்.

எல்லாமே அவளுக்குத்தான்.

19 அக்டோபர், வியாழன்

மழை. பள்ளிக்கூடம், வீடு. பள்ளிக்கூடம், வீடு.

‘சி’ பிரிவு வழியாகப் போகும்போது எட்டிப் பார்க்கிறேன். எதற்கு என்று தெரியவில்லை.

12 நவம்பர், ஞாயிறு

கும்மிடிப்பூண்டியில் ஒரு கல்யாணச் சமையலுக்கு அப்பாவைக் கூப்பிட்டிருந்தார்கள். கிளம்பும்போது, “நீயும் வா” என்றார். அம்மா ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

சமையல் முடிந்து பஸ்ஸுக்கு வரும் வழியில் கம்பெனி ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். அப்பா ஒரு டீக்கடை ஓரம் குடையை விரித்துக்கொண்டு நின்றார். “பார்த்துட்டுச் சீக்கிரம் வந்து சேர். தபாலாபீஸ்காரர் மூணாவது வீடுன்னார்.” சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். எப்போது போய் விசாரித்தாரோ.

ஞானம் வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சாம்பல் கையோடு ஓடிவந்தாள். தொட வந்தவள் நின்றுவிட்டாள். நான்தான் பிடித்துக்கொண்டேன்.

பூனை நன்றாகத் தேறியிருக்கிறது. முதுகில் மயிர் லேசாக அரும்புகிறது. என் கையை முகர்ந்து பார்த்தது. அப்புறம் திரும்பி ஞானத்திடமே போய்விட்டது.

“நான்தான் ஒளிச்சுவெச்சேன்” என்றேன்.

“தெரியுமே. நீ அன்னிக்கு இருமினியே, கெழவி மாதிரி!” என்று சிரித்தாள்.

“அப்பவே ஏன் சொல்லலே?”

“சொன்னா உங்க நைனா வேலை பேஜாராயிடுமே. அதான் பட்டினி கெடக்கப் போவுதேன்னு நெத்திலி குடுத்துட்டுப் போனேன்.” ஒன்றுமே இல்லாத விஷயம் போலச் சொன்னாள். “அத்த வுடு. இங்க எனக்குப் பேச ஆளே இல்ல அம்பு. எல்லாரும் தெலுங்கு. இதுங்கிட்டதான் நாள் பூரா பேசிக்கினு இருக்கேன்.”

அப்பா தெருமுனையில் தொண்டையைச் செருமினார். நான் புறப்பட்டுவிட்டேன். திருப்பத்தில் திரும்பிப் பார்த்தால் அவள் பூனையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். குனிந்து அதன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இன்று நடந்ததைத்தான் சொல்லியிருப்பாள். நாளைக்கும் ஏதாவது சொல்வாள்.

பஸ்ஸில் அப்பா தூங்கிவிட்டார். எனக்கு வழியெல்லாம் நெஞ்சு எரிந்தது. இந்தத் தடவை ஞானத்தைப் பார்த்து இல்லை, அந்தப் பூனையைப் பார்த்து.