பீலியில் இறங்கிய பச்சை

ஜூலை 20, வியாழன்

மழை. பஸ்ஸிலிருந்து எஸ்டேட் லயத்து வீட்டுக்கு வருவதற்குள் கால் முழுக்க அட்டை.

செய்ய வேண்டியது: மண் எடுக்கணும். பீலித் தண்ணீர் பாட்டிலில். சாயம்.

மலை ஊத்துல மூங்கில் செருகின பீலிதான் லயம் மொத்தத்துக்கும் குடிதண்ணி. சிலோன்லயும் அப்படித்தான், கப்பலேறி வந்தும் அதேதான்.

காலேஜ்ல சார் கொடுத்த சாயப்பொடி செங்கல் நிறம். கரைச்சா பச்சை. விஷமில்லை, நாக்கில வச்சே காட்டினார். பீலிக்கு மேல மேட்டில அப்பா வெட்டின கக்கூஸ் குழி. (கீழே சதுப்பு, வேற இடமில்லை.) அதில் ஊத்தினேன். "களிமண்ணுப்பா. கீழே வர மாசக்கணக்காகும், வராமலே போகலாம்" என்றார் சார். குழித் தண்ணி பீலிக்கு வராதுன்னு காட்டினா எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் முடிஞ்சது. யாரிடமும் சொல்லலை. கக்கூஸ்ல என்னடா ஆராய்ச்சின்னு சிரிப்பாங்க.

அக்கா குழந்தைக்கு வயித்தால போகுது. கண்ணு குழி விழுந்திருக்கு. போன வருஷம் அவ பெரியவன் செத்ததும் இப்படித்தான். பயமா இருக்கு.

21, ஆடி வெள்ளி

குலவைச் சத்தத்தில் முழிச்சேன். ஓடிப் போய்ப் பார்த்தா, ஐயோ! பீலி பச்சை. மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுக் கரைச்ச மாதிரி. சூடம் எரியுது. பொம்பளைங்க சேற்றில் விழுந்து கும்பிடுறாங்க.

ஒரே ராத்திரி! களிமண்ணாம், மாசக்கணக்காம்!

அம்மா அழுதுகிட்டே, "ஆத்தாவை சிலோன்லயே விட்டுட்டு வந்துட்டோம்னு இருந்தேன்டா. கடல் தாண்டித் தேடி வந்துட்டாடா."

எல்லாரும் செம்பில் பிடிச்சுக் குடிக்கிறாங்க, தீர்த்தமாம். அக்கா சங்கில் குழந்தை வாயில ஊத்துறா. தட்டிவிட்டேன். சங்கு கல்லுல விழுந்து உடைஞ்சது.

"அது கக்கூஸ் தண்ணிக்கா! நேத்து குழியில சாயம் ஊத்தினது நான்தான்!"

குலவை நின்னுபோச்சு. "படிச்ச திமிரு" என்றது ஒரு குரல். அப்பா மேட்டைப் பார்த்தார், பீலியைப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துட்டார்.

அம்மா மட்டும் கிட்ட வந்து, "அப்ப ஆத்தா வரலியாடா?"

குழந்தையைத் தூக்கிக்கிட்டு, தேயிலைக் கொழுந்து லாரியில கூடலூர் ஆஸ்பத்திரி.

22, சனி

மழை விடலை. குளுக்கோஸ் ஏறுது.

இனி: தண்ணி கொதிக்க வச்சுத்தான். குழியை மூடணும். அப்பா விடியுமுன்னே மண்வெட்டியோட போயிட்டாராம். சாருக்கு என்ன எழுதன்னே தெரியலை.

காலையில குழந்தை ஒண்ணுக்குப் போச்சு. "இனி பேடிக்கண்டா" என்றாள் மலையாள நர்ஸ். பயமில்லையாம், உடம்புல நீர் ஏறிடுச்சாம். வராந்தாவுக்கு வந்து அழுதுட்டேன்.

இப்ப அக்கா ஈரத்துணியை மடிச்சுக்கிட்டே கேட்டாள்.

"அப்பா அந்தக் குழி வெட்டினது பெரியவன் போறதுக்கு முன்னாடியா, பின்னாடியாடா?"

முன்னாடி. முந்தின மாசம்தான். லீவுக்கு வந்திருந்தேன், பார்த்தேன்.

"ஞாபகமில்லைக்கா" என்றேன்.